கோபுரத்துக்கு எதிராக ஒரு மனு எழுதியபோது

கடந்த ஆண்டு சிறுபோக அறுவடை முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடந்த நாட்களில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருந்து சற்று உட்புறமாக உள்ள எங்கள் ஊரின் முன்பள்ளிக்குப் பின்னால், தனியார் காணி ஒன்றில் நான்கு பெரிய குழிகள் வெட்டப்பட்டன. கிணறு என்று சிலர் நினைத்தனர். ஒரே காணியில் நான்கு கிணறுகளை எவரும் வெட்டுவதில்லை என்பதால் அந்த எண்ணம் அன்று மாலை வரைகூட நிலைக்கவில்லை. கம்பிக் கூடுகள் இறக்கப்பட்டுச் சீமெந்து ஊற்றப்பட்ட பின்னரே அது தொலைபேசிக் கோபுரம் ஒன்றின் அத்திவாரம் என்பது தெரியவந்தது. காணிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். ஊரில் எவரிடமும் எவரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் கூடியது. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் கற்பிப்பவன் என்ற காரணத்தால், பிரதேச செயலாளருக்கு அனுப்ப வேண்டிய மனுவை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "மாஸ்ரர், கான்சர் வரும் எண்டதை முதல் வசனத்திலயே போடுங்கோ" என்றார் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். பக்கத்து ஊரில் கோபுரம் எழுந்த பிறகு தென்னை காய்ப்பதில்லை என்றும், சிட்டுக்குருவி வருவதில்லை என்றும், இடி இனி எங்கள் ஊரைத் தேடி வரும் என்றும் ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து மூன்று இரவுகள் அந்தக் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தும் முதல் வசனத்தை என்னால் எழுத முடியவில்லை. அவர்கள் சொன்ன வடிவில் அது உண்மை இல்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அவர்களுடைய கோபத்தில் பிழை இல்லை என்பதும் தெரிந்திருந்தது.

சிக்கலின் பாதி 'கதிர்வீச்சு' என்ற சொல்லிலேயே இருக்கிறது. வன்னியில் கதிர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது நெல். ஆனால் அதனோடு வீச்சு என்பது ஒட்டிக்கொண்டவுடன் ஹிரோஷிமாவும், 1986இன் செர்னோபிலும், 2011இன் புக்குஷிமாவும் கண்முன் வந்து நிற்கின்றன. அடுப்பின் தணலில் இருந்து முகத்தில் படும் வெம்மையும் கதிர்வீச்சு, நிலவொளியும் கதிர்வீச்சு, கைத்தொலைபேசியின் அலையும், வைத்தியசாலையின் எக்ஸ்-கதிரும், அணுக்கருவில் இருந்து புறப்படும் காமாக் கதிரும் அதே பெயரிலேயே அழைக்கப்படுகின்றன. மின்னும் காந்தமும் ஒன்றையொன்று எழுப்பியபடி வெளியில் ஓடும் அலையே ஒளி என்பதை மக்ஸ்வெல் 1865இல் வெளியான கட்டுரையில் கணிதத்தால் காட்டினார். அவ்வாறான அலைகளை ஹேட்ஸ் 1880களின் இறுதியில் தம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கிப் பிடித்தார். எனவே இவை எல்லாம் ஒரே குடும்பம் என்பது உண்மைதான். ஆனால் குடும்பம் ஒன்று என்பதற்காக அண்ணன் செய்த குற்றத்துக்குத் தம்பியைச் சிறையில் போட முடியாது.

வேறுபாடு மீடிறனில், அதாவது அலை ஒரு செக்கனில் எத்தனை தடவை அதிர்கிறது என்பதில், இருக்கிறது. அலை தன் சக்தியைப் போட்டன் எனப்படும் சிறு பொதிகளாகவே கொடுக்கிறது என்பதும், ஒரு பொதியின் அளவை மீடிறனே தீர்மானிக்கிறது என்பதும் 1905இல் ஐன்ஸ்டீன் முன்வைத்த கருத்து. மூலக்கூறு ஒன்றில் இருந்து இலத்திரனைப் பிடுங்கி எறிய ஏறத்தாழ 10 இலத்திரன்வோல்ற்றுச் சக்தி வேண்டும்; இலத்திரன்வோல்ற்று என்பது அணு அளவில் சக்தியை அளக்கும் மிகச் சிறிய அலகு. எக்ஸ்-கதிரின் ஒரு போட்டனிடம் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கிறது; ஆகவே அது உயிர்க்கலத்தின் மரபுப்பொருளை நேரடியாகவே உடைக்க வல்லது. 900 மெகாஹேட்ஸில் இயங்கும் கைத்தொலைபேசி அலையின் ஒரு போட்டனிடமோ 0.0000037 இலத்திரன்வோல்ற்றே உண்டு. தேவையானதில் ஏறத்தாழ முப்பது இலட்சத்தில் ஒரு பங்கு. நிறையப் போட்டன்கள் வந்தால் கூட்டிச் சேர்த்து அந்த அளவை எட்டிவிடாதா என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்பார்கள். உயர்ந்த விளாத்தி மரத்தில் காய் தொங்குகிறது, முழங்கால் உயரத்துக்கு மேல் கல்லெறிய முடியாத சிறுவன் கீழே நிற்கிறான், அவன் பொழுதெல்லாம் எறிந்தாலும் காய் விழப்போவதில்லை என்று நான் பதில் சொல்வது வழக்கம். ஆயினும் கற்கள் விழும் இடத்தில் நிலம் சூடாகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். அந்தச் சூடு பற்றிப் பின்னர் வருகிறேன்.

மின்காந்தப் புலம் எங்கள் ஊருக்குக் கோபுரத்தோடு வரவில்லை. 1996இல் நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் கொட்டில் போட்டு இருந்தபோது, மின்சாரம் என்பது பழங்கதை; பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. இரவுச் செய்தி கேட்பதற்காகச் சித்தப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சில்லில் அழுத்தி, வயரை ரேடியோவுக்கு இழுப்பார். மிதியைக் கையால் சுற்றும் வேலை எனக்கு. டைனமோவுக்குள் காந்தம் சுழல, சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது. 1831இல் பரடே கண்ட தூண்டல் அதுதான். நேரோட்டமாக்குவதற்கு ஒரு டயோட்டும் ஒரு கொள்ளளவியும் சித்தப்பாவின் தகரப் பெட்டியில் இருந்தன. நான் கை சோர்ந்தால் பிபிசி அறிவிப்பாளரின் குரலும் சோர்ந்துவிடும். சுற்றி இருந்த பெரியவர்கள் "டேய், சுத்தடா" என்று கத்துவார்கள். ரேடியோவை இணைக்காமல் சுற்றினால் மிதி இலகுவாக ஓடும் என்பதையும், இணைத்த கணமே கனத்துவிடும் என்பதையும் பத்து வயதில் கவனித்திருந்தேன். அதன் பெயர் லென்சின் விதி என்று பல ஆண்டுகள் கழித்து வகுப்பில் படித்தபோது, என் தோள்பட்டைக்கு அது முன்பே தெரிந்த செய்தியாக இருந்தது. கடல் கடந்து வந்த அந்தச் சிற்றலைகள் வானத்தின் அயனமண்டலத்தில் பட்டுத் தெறித்து எங்கள் கொட்டிலுக்குள் இறங்கின. அவற்றுக்கு எவரும் அஞ்சியதில்லை. செய்திக்குத்தான் அஞ்சினோம்.

மனுவை எழுத முடியாமல் இருந்த அந்த வாரத்தில் என் சித்தியின் மகள் வீட்டுக்கு வந்தாள். போருக்குப் பின்னர் எட்டு ஆண்டுகள் முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்தவள். அந்தப் பணியைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். உலோகம் கண்டறியும் கருவியின் அடியில் வட்டமான சுருள் ஒன்று இருக்கிறது. அதில் மாறும் மின்னோட்டம் பாயும்போது மாறும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. உள்ளே உலோகத் துண்டு இருந்தால் அந்தப் புலம் அதனுள் சுழியோட்டங்களை எழுப்புகிறது. அந்த ஓட்டங்கள் தங்களுக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்க, அதைச் சுருள் உணர்ந்து காதில் ஒலியாகத் தருகிறது. சித்தப்பாவின் டைனமோவும் இதுவும் ஒரே விதியில் ஓடுபவை. பிளாஸ்ரிக்கால் ஆன சிறிய மிதிவெடிகளில் உலோகம் என்று சொல்ல ஊசி அளவிலான ஒரு பாகமே இருக்கும் என்பதால் ஒலியும் மெலிந்திருக்கும். ஆணி, தகரம், சன்னம், சில வேளைகளில் இரும்புச் சத்து மிகுந்த கல்கூட அதே போல ஒலிக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் முழந்தாளிட்டு மண்ணைச் சுரண்டிப் பார்த்தே ஆக வேண்டும். நான் சமன்பாடாகக் கற்பித்த ஒன்றை அவள் எட்டு ஆண்டுகள் காதால் வாசித்தவள். சுழியோட்டம் பற்றி என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும் என்று வகுப்பில் சொல்வேன். மாணவர்கள் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அன்று அவள் தேநீரைக் குடித்துவிட்டு மனுவைப் பற்றிக் கேட்டாள். பிறகு கோப்பையைப் பார்த்தபடியே, "அண்ணா, அந்த மெசினும் கதிர் விடுறது தானே? எட்டு வருசம் அதை வயித்துக்கு நேர பிடிச்சிருந்தனான்" என்றாள். அவளுக்கு மூன்று தடவை கரு தங்காமல் போனது.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தக் கருவிகளின் புலம் பெரும்பாலும் கிலோஹேட்ஸ் அளவிலேயே மாறுவது, அதாவது கைத்தொலைபேசி அலையைவிடவும் ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்த மீடிறன். மூலக்கூறை உடைக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. சிறிய சுருளின் காந்தப் புலம் தூரத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு நேர்மாறாகத் தேய்வதால், தூரம் இரட்டித்தால் புலம் எட்டில் ஒன்றாகிவிடும். மண்ணோடு ஒட்டிப் பிடித்த சுருளுக்கும் நிமிர்ந்து நிற்கும் உடலுக்கும் இடையே போதிய தூரம் இருந்தது. கருத்தரித்தது தெரியவந்த பெண்களில் 100 பேருக்கு 10 முதல் 20 பேர் வரை கருவை இழக்கிறார்கள் என்றும், தொடக்க மாதங்களில் அவற்றில் பெரும்பகுதிக்குக் காரணம் மரபுப்பொருளைச் சுமக்கும் கருவின் நிறமூர்த்தங்களில் தற்செயலாக நேரும் பிழையே என்றும் சொன்னேன். எல்லாம் சரியான தகவல்கள். அவள் அமைதியாகக் கேட்டிருந்துவிட்டு, "அப்ப வேற எதாலயண்ணா?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இருபது ஆண்டுகளாகப் பௌதிகவியல் கற்பிக்கிறேன். ஓர் எண்ணைச் சொல்லி ஒருவரின் சந்தேகத்தைத் தீர்க்கும்போது, அவர் அதுவரை கையில் வைத்திருந்த ஒரே காரணத்தையும் பறித்துக்கொள்கிறோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். நல்ல மகப்பேற்று நிபுணர் ஒருவரிடம் இருவருமாகப் போகும்படி மட்டும் வற்புறுத்தினேன். போனார்கள்.

சூடு பற்றிச் சொல்வதாக எழுதியிருந்தேன். கைத்தொலைபேசி அலையும் அடங்கும் வானொலி அலைகள் உடலில் செய்வதாக ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்ட தீங்கு அதுதான். உடலின் ஒவ்வொரு கிலோகிராமும் 4 வாற்று என்ற வீதத்தில் அலையின் சக்தியை உறிஞ்சினால் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 1 பாகை உயரும். அயனாக்காக் கதிர்வீச்சுப் (அதாவது இலத்திரனைப் பிடுங்கி எறிய முடியாத கதிர்வீச்சுப்) பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு இதில் ஐம்பதில் ஒரு பங்கையே, அதாவது 0.08 வாற்றையே, பொதுமக்களுக்கான எல்லையாக வைத்திருக்கிறது. 1998இல் வந்த வழிகாட்டல் 2020இல் திருத்தப்பட்டபோதும் இந்த எல்லை மாறவில்லை. அதை வெளியில் அளக்கக்கூடிய அளவாக மாற்றினால், 900 மெகாஹேட்ஸ் அலைக்குச் சதுர மீற்றருக்கு 4.5 வாற்று என்று வரும்.

எங்கள் கோபுரத்துக்கு இதைக் கணக்கிட்டுப் பார்த்தேன். உயர்தர மாணவன் எவனும் செய்யக்கூடிய கணக்கு. கோபுரத்தில் இருந்து அலையை வீசும் அலைவாங்கி (அன்ரெனா) ஒன்றுக்கு 20 வாற்று ஊட்டப்படுகிறது என்றும், அது அலையை ஒரு திசையில் ஐம்பது மடங்கு குவிக்கிறது என்றும் கொண்டால், அந்தத் திசையில் நிற்பவருக்கு அது 1000 வாற்று மூலம் போலத் தோன்றும். 100 மீற்றர் தொலைவில் அது பரவும் கோளத்தின் மேற்பரப்பு 125,000 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். வகுத்தால் சதுர மீற்றருக்கு 0.008 வாற்று, எல்லையின் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. பல நிறுவனங்கள் சேர்ந்து பத்து மடங்கு அலைவாங்கிகளைப் பொருத்தினாலும் ஐம்பதில் ஒரு பங்கைத் தொடாது. நண்பகல் வெயில் அதே சதுர மீற்றரில் ஏறத்தாழ 1000 வாற்றைக் கொட்டுகிறது. அலைவாங்கிகள் கிடையாகவே, சிறிது கீழ்நோக்கிச் சாய்த்து, அலையை வீசுவதால் கோபுரத்தின் காலடியில் அது இன்னும் குறைவு. விளக்கின் அடியில் இருட்டு என்பார்களே, அது இங்கே அப்படியே பொருந்துகிறது. முன்பள்ளி கோபுரத்துக்கு மிக அருகில் இருப்பதால்தான் ஆபத்து என்ற வாதம் அலையைப் பொறுத்தவரை தலைகீழானது.

இதைவிட வேடிக்கையான உண்மை ஒன்று உண்டு. கைத்தொலைபேசியின் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் அலையின் வலிமை டிபிஎம் என்ற அலகில், மறை எண்ணாகக் காட்டப்படும். எங்கள் வீட்டுக்குள் அது −110க்குப் பக்கத்தில் நிற்கும்; பரந்தன் சந்தியில் −70. இந்த 40 அலகு வித்தியாசம் என்பது பத்தாயிரம் மடங்கு. கோபுரத்தின் அலை மெலிந்திருக்கும் இடத்தில், தன் குரல் கோபுரத்தை எட்ட வேண்டும் என்பதற்காகக் கைத்தொலைபேசி தன் வலுவை உச்சத்துக்கு உயர்த்துகிறது. 4ஜி கருவிகளில் அந்த உச்சம் 0.2 வாற்று. கோபுரம் அருகில் இருந்தால் மில்லிவாற்றுக்கும் குறைவாகப் பேசி முடித்துவிடும். 2020இல் பாடசாலைகள் மூடியிருந்தபோது என் மாணவர்கள் குளக்கட்டில் ஏறி நின்று, கைத்தொலைபேசியை மாறி மாறிக் காதில் ஒட்டிப் பாடம் கேட்டார்கள். அவர்களுடைய தலைகள் அன்று பெற்ற அலை, எந்தக் கோபுரமும் வீட்டுக்குள் அனுப்பக்கூடியதைவிட அதிகம். அந்த அளவும் எல்லைக்கு உட்பட்டதுதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் புற்றுநோய்ப் பேச்சு எங்கிருந்து வந்தது? அதற்கும் அடிப்படை இல்லாமல் இல்லை. உலக சுகாதாரத் தாபனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2011 மே மாதத்தில் வானொலி அலைகளை 2பி என்ற தொகுதியில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்கக்கூடும், ஆனால் சான்று மட்டுப்பட்டது என்பது அதன் பொருள். கைத்தொலைபேசியை மிக அதிகமாகப் பயன்படுத்தியவர்களிடம் சில மூளைக் கட்டிகள் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுகள் கூறியிருந்தன; நோயாளிகளின் ஞாபகத்தை நம்பிய ஆய்வுகள் என்ற குறை அவற்றுக்கு இருந்தது. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட எலி ஆய்வில், நாளுக்கு 9 மணிநேரம், இரண்டு ஆண்டுகள், முழு உடலுக்கும் உயர்ந்த அளவில் அலை செலுத்தப்பட்ட ஆண் எலிகளின் இதயத்தில் கட்டிகள் தோன்றின. மறுபுறம், உலக சுகாதாரத் தாபனத்தின் வேண்டுகோளின் பேரில் செய்யப்பட்டு 2024இல் வெளியான பெரும் மீளாய்வு, கைத்தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருப்பதாகக் காணவில்லை. கோடிக்கணக்கானோர் முப்பது ஆண்டுகளாகக் கைத்தொலைபேசியோடு வாழ்ந்த பின்னரும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து, இருந்தால் மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும் என்பது என் முடிவு. அதைக் கோபுரத்தில் தேடுவதைவிடக் காதோடு ஒட்டிய கருவியில் தேடுவதே பொருத்தம்.

இந்தத் தொகுதி விவகாரத்தை இரண்டாவது கூட்டத்தில் விளக்கப் போய் நான் மாட்டிக்கொண்டேன். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே 2பி தொகுதியில் இருக்கிறது என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எக்ஸ்-கதிரும் வெயிலும் சந்தேகமற்ற முதலாம் தொகுதியில் என்றேன். தலையை ஆட்டினார்கள். பாக்கும் வெற்றிலைக் கூறும் அதே முதலாம் தொகுதி என்றதும், முன்வரிசையில் பாக்குவெட்டியோடு இருந்த ஆச்சி, "நான் எனக்கு விருப்பமானதைத் தின்னுறன் தம்பி. அந்த ரவரை நானே கேட்டனான்?" என்றார். அவர் சொன்னதில் இருந்த நியாயத்தை எந்தத் தொகுதியாலும் மறுக்க முடியாது. தொகுதிகள் சான்றின் உறுதியைச் சொல்பவையே தவிர ஆபத்தின் பருமனைச் சொல்பவை அல்ல என்ற அடுத்த வசனத்தை நான் விழுங்கிக்கொண்டேன்.

தென்னை பற்றிய முறைப்பாட்டை மனுவில் இருந்து நீக்குவது எளிதாக இருந்தது. ஓலைகளின் அடியில் வெண் ஈ அப்பி, மேலே கரும்படலம் படிந்திருப்பதைத் தலைவரையே கூட்டிப்போய்க் காட்டினேன். இடி பற்றிய முறைப்பாட்டை நீக்கவில்லை, திருத்தினேன். உயர்ந்த கோபுரம் இடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை. வாங்கியதை நிலத்துக்குள் ஒழுங்காக இறக்காவிட்டால் அயல் வீடுகளின் மின்சுற்றுக்குள்ளும் அது புகும் என்பதும் உண்மை. ஐப்பசி மாதத்து வன்னி இடியை அறிந்தவர்கள் இதைச் சிறிய விடயமாகக் கொள்ள மாட்டார்கள்.

இறுதியில் எழுதிய மனுவில் இருந்தவை இவை: ஊரவரிடம் கேட்காமல் வேலை தொடங்கப்பட்டது; அத்திவாரம் முன்பள்ளிச் சுவருக்கு மிக அருகில் உள்ளதால் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் கோபுரத்தின் மின்பிறப்பாக்கியின் புகையும் இரைச்சலும் இருக்கும்; இடியை நிலத்துக்குள் இறக்கும் புவித்தொடுப்பு தகுதியானவரால் சோதிக்கப்பட வேண்டும்; கோபுரம் இயங்குவதற்கு முன்னும் பின்னும் அலையின் செறிவு அளக்கப்பட்டு, அந்த அளவுகள் தமிழில், பொதுநோக்கு மண்டப அறிவித்தல் பலகையில் இடப்பட வேண்டும்; இவற்றுக்கு உடன்படாவிட்டால் காணியின் மறுகோடிக்கு அத்திவாரத்தை மாற்ற வேண்டும்.

தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார். "எல்லாம் சரி மாஸ்ரர். கான்சர் எண்டு போடாட்டி இதை ஆர் வாசிக்கப் போயினம்?" என்று கேட்டார். காணிக்காகவும், குடிநீருக்காகவும், யானைவேலிக்காகவும் அவர் எழுதிய மனுக்கள் எந்த அலுமாரிகளில் கிடக்கின்றன என்பது அவருக்குத் தெரியும். எங்களிடம் கேட்காதது ஏன் என்ற கேள்விக்கு அலுவலகங்கள் பதில் சொல்வதில்லை, நோய் என்ற சொல்லுக்கு மட்டும் யாராவது நிமிர்ந்து பார்க்கிறார்கள் என்பது அவர் அனுபவத்தில் கண்டறிந்த விதி. அதை மறுக்க என்னிடம் சமன்பாடு இல்லை. ஆனாலும் உண்மை இல்லாத வசனத்தின் கீழ் ஓர் ஆசிரியனாகக் கையொப்பமிட மாட்டேன் என்றேன். அவர் கோபிக்கவில்லை.

இரண்டு நாட்கள் கழித்து, கையொப்பங்கள் நிரம்பிய தாள்களோடு மனு என்னிடம் வந்தது. ஆச்சியின் பெருவிரல் அடையாளத்தில் வெற்றிலைச் சிவப்பும் கலந்திருந்தது. என் எழுத்து முடியும் இடத்துக்குக் கீழே, தலைவரின் சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது: "இக்கோபுரத்தினால் புற்றுநோய் ஏற்படும் என எமது கிராம மக்கள் பெரிதும் அஞ்சுகின்றனர்." மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். அந்த வரியில் பிழை ஏதும் இருக்கவில்லை. பேனையை எடுத்துக் கையொப்பமிட்டேன்.